அளவு மட்டுமே பார்க்கும் வாய்கள்: பெங்களூரு ஏரிகளும் நுண்பிளாஸ்டிக்கும்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், நாங்கள் குடியிருக்கும் ஜோகுபாளையத்தில், வண்ணமீன் விற்கும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. மகளின் கண்ணாடித் தொட்டிக்காக வாரம் ஒருமுறை அங்கே போவேன். வாசலில் ஓர் அகலமான தட்டு. அதில் அரை அங்குலத் தண்ணீர். தண்ணீருக்குள் தலைமுடி போல் மெலிந்த சிவப்புப் புழுக்கள் ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகச் சுருண்டு நெளியும். ட்யூபிஃபெக்ஸ் என்று பெயர். மீன்கள் அடித்துக்கொண்டு தின்னும்.

"இதெல்லாம் எங்கேர்ந்துண்ணா வருது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மோரியிலேர்ந்துதான்மா. சாக்கடைத் தண்ணி மெதுவா ஓடுற எடத்துலதான் இது நல்லா வளரும். நாலு தண்ணி அலசினாதான் வாடை போகும். நீங்களும் வீட்ல ஒருவாட்டி அலசிட்டுப் போடுங்க."

வீட்டுக்கு வந்து வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டி அலசினேன். பந்து மெல்லப் பிரிந்தது. புழுக்களுக்கு நடுவே நெளியாத ஒன்று கிடந்தது. நீல நிறம், கண்ணிமை முடி அளவு நீளம். மகளிடம் காகிதத்தில் மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் மைக்ராஸ்கோப் ஒன்று உண்டு. அதில் வைத்துப் பார்த்தோம். புழுவின் உடலில் கணுக்கணுவாக வளையங்கள் தெரிந்தன. நீல இழையில் கணுவும் இல்லை, செல் அமைப்பும் இல்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே தடிமன், ஒரே நிறம். நுண்பிளாஸ்டிக்கைத் தேடும் ஆய்வாளர்கள் முதல் பார்வையில் கவனிக்கும் அடையாளங்கள் இவைதான். ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு சொல்லக்கூடாது. லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் நிறமாற்றத்தைப் பார்த்து, 'இது பாலியெஸ்டர், இது நைலான்' என்று உறுதிசெய்ய வேண்டும். அந்த முறைக்கு ராமன் நிறமாலையியல் என்று பெயர். 1928இல் அந்த ஒளிச்சிதறலைக் கண்டுபிடித்த சி.வி. ராமன் திருச்சியில் பிறந்தவர். 1933 முதல் கடைசிவரை வாழ்ந்தது இதே பெங்களூரில். அவர் பெயரைத் தாங்கிய முறைதான் இன்று ஏரித் தண்ணீரில் சட்டைத் துணியின் நூலைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது.

என் தட்டில் கிடந்த இழையை நான் எந்த ஆய்வகத்துக்கும் கொண்டுபோகவில்லை. ஆனால் அந்தப் புழுவுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள தொடர்பு ஏற்கெனவே ஆராயப்பட்ட ஒன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதி நீர்நிலையில் இதே ட்யூபிஃபெக்ஸ் புழுக்களை எடுத்து ஆராய்ந்தவர்கள் 2017இல் முடிவை வெளியிட்டார்கள். புழுக்களின் குடலில் நுண்பிளாஸ்டிக் இருந்தது. அதோடு, விழுங்கிய சேறு வெளியேறிய பிறகும் பிளாஸ்டிக் கூடுதல் நேரம் உள்ளேயே தங்கியிருந்தது. சேற்றைத் தின்று வாழும் புழு அது. அதைத் தின்கிறது மீன்.

ஏரியில் மிதக்கும் பாட்டிலும் பையும் நமக்குத் தெரிகின்றன, கோபமும் வருகிறது. ஆனால் பிளாஸ்டிக் உயிர்களின் உணவுக்குள் நுழைவது அந்த அளவில் இல்லை. அது நுழையும் வாசல் நம் கண்ணுக்குத் தெரியாத வாய்கள். அந்த வாய்கள் எதை விழுங்குகின்றன, எப்படித் தீர்மானிக்கின்றன என்று புரிந்துகொண்டால்தான் எங்கே தடுப்பது என்பதும் புரியும்.

5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துணுக்கை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சனும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட கடல் ஆய்வுக்குப் பிறகு இந்தச் சொல் பரவலானது. 5 மில்லிமீட்டர் என்றால் ஒரு துவரம்பருப்பு அளவு. அங்கிருந்து கீழே போகப்போகத்தான் விஷயம் தீவிரமாகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஏரியைப் பச்சையாக்கும் குளோரெல்லா போன்ற ஒற்றைச்செல் பாசி 2 முதல் 10 மைக்ரான். பிளாஸ்டிக் துண்டு வெயிலில் வெளிறி, நொறுங்கி, தேய்ந்து அந்தப் பாசியின் அளவுக்கு வந்துவிட்டால், நன்னீரில் கோடிக்கணக்கான வாய்கள் அதற்காகத் திறந்தே இருக்கின்றன.

அப்படிப்பட்ட வாய்களில் எனக்கு மிகவும் பிடித்தது டாப்னியா. நீர்த்தெள்ளு என்று தமிழில் எழுதுகிறார்கள். தெள்ளுப்பூச்சிக்கும் இதற்கும் உறவு கிடையாது, குதித்துக் குதித்து நீந்துவதால் வந்த பெயர். உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர். உடல் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முதுகுப் பக்கம் இதயம் படபடவென்று துடிப்பதைப் பார்க்கலாம். உடலுக்குள் வளைந்து ஓடும் பச்சைக் கோடுதான் குடல். அது தின்ற பாசியின் நிறம் அப்படியே தெரியும்.

ஓட்டுக்குள் மறைந்திருக்கும் இதன் கால்களில் சீப்புப் பற்கள் போல மெல்லிய மயிர்கள் வரிசையாக இருக்கும். கால்கள் ஓயாமல் அசைந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். தண்ணீரில் மிதப்பவை சீப்பில் சிக்கும். சிக்கியவை ஒரு பள்ளம் வழியாக வாய்க்குப் போகும். இந்தச் சீப்புக்கு ருசி தெரியாது. அது பார்ப்பது அளவை மட்டும்தான். பொருந்தும் அளவில் பாசி வந்தாலும் பாக்டீரியா வந்தாலும் களிமண் துகள் வந்தாலும் ஒன்றுதான். அதிகமாகச் சேர்ந்து அடைத்துக்கொண்டால் வாலடியில் உள்ள நகத்தால் மொத்தமாக வாரி வெளியே தள்ளும். பொறுக்கித் தின்னத் தெரியாது. அதோடு ஒப்பிட்டால் கோப்பிபாட் என்ற இன்னொரு சிற்றுயிர் கெட்டிக்காரி. துகளைத் தொட்டு உணர்ந்து, பிடிக்காததை ஒதுக்கும் திறன் அதற்கு ஓரளவு உண்டு.

இது இப்போது கண்டுபிடித்த செய்தி இல்லை. 1968இல் கேரலின் பர்ன்ஸ் என்ற நீரியல் ஆய்வாளர் டாப்னியா இனங்கள் எவ்வளவு பெரிய துகளை விழுங்கும் என்று அளந்தார். அளப்பதற்கு அவர் எடுத்துக்கொண்டது பிளாஸ்டிக் மணிகள். 1 மைக்ரானுக்கும் குறைவிலிருந்து 80 மைக்ரான்வரை பல அளவுகளில் கொடுத்துப் பார்த்தார். உடல் பெரிதானால் விழுங்கும் துகளும் பெரிதாகிறது என்பது முடிவு. பிளாஸ்டிக் அன்று கச்சிதமான அளவுகோல். ஜீரணம் ஆகாது, கரையாது, எண்ணிவிடலாம் என்பதால் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஒற்றைச்செல் உயிர்களின் பசியை அளக்க இத்தகைய மணிகளைத்தான் ஆய்வகங்கள் பயன்படுத்தின. பரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிர் தன் வாய்ப்பள்ளத்தில் மணியை இழுத்து, உணவுக்குமிழியில் அடைத்து, செல் முழுக்கச் சுற்றவிட்டு, கடைசியில் வெளியே தள்ளும். அந்தப் பயணத்தைப் பாடம் நடத்தவும் பிளாஸ்டிக் மணிதான் உதவியது. இந்த வாய்கள் பிளாஸ்டிக்கை விழுங்கும் என்பது அரை நூற்றாண்டாகத் தெரிந்த சங்கதி. அன்று அது ஆய்வகக் குடுவைக்குள் இருந்தது. இன்று ஏரியில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

விழுங்கினால் என்ன ஆகும்? பல சமயங்களில் ஒன்றும் ஆகாது, வந்த வழியே போய்விடும். பயமுறுத்துவதற்காக இதை மறைக்கக் கூடாது. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. டாப்னியாவின் குடலில் உள்ள பிளாஸ்டிக்கைப் பின்னால் வரும் பாசி தள்ள வேண்டும். இரை நிறைய இருந்தால் குடல் சுத்தமாகிறது. இரை குறைந்த காலத்தில் பிளாஸ்டிக் உள்ளேயே தங்குகிறது. வயிறு நிறைந்திருக்கும், சத்து இருக்காது. அந்த நிலையில் முட்டைகள் குறையும், வளர்ச்சி தாமதப்படும். துகள் இன்னும் சிறிதாகி 1 மைக்ரானுக்குக் கீழே, அதாவது நானோ அளவுக்குப் போனால் கதை வேறு. 2014இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை நானோ அளவில் கொடுத்துப் பார்த்தபோது, சினெடெஸ்மஸ் என்ற பாசியின் வளர்ச்சி குறைந்தது. டாப்னியாவின் குஞ்சுகள் சில உருக்குலைந்து பிறந்தன. அந்த ஆய்வில் கொடுத்த அளவு இயற்கை நீரில் காணப்படுவதைவிட மிக அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டாப்னியா ஒன்று செத்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஏரியின் பச்சை நிறத்தைக் காட்டுவேன். சாக்கடை கலந்து சத்து பெருகிய ஏரியில் பாசி கட்டுமீறி வளர்கிறது. அதை மேய்ந்து அடக்குபவை டாப்னியா போன்ற இந்தச் சிற்றுயிர்கள்தான். ஏரியில் சம்பளம் வாங்காத துப்புரவுக்காரர்கள். அவை மந்தமானால் பாசி பெருகும். இரவில் அந்தப் பாசி ஆக்சிஜனை உறிஞ்சும். விடிகாலையில் மீன் வாயைப் பிளக்கும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. அதற்குக் காரணம் கழிவுநீரும் ஆக்சிஜன் பற்றாக்குறையும். நுண்பிளாஸ்டிக் மேல் அந்தப் பழியைப் போடுவது நேர்மையாகாது. ஆனால் மூச்சுத் திணறும் ஏரியில், மிச்சமிருக்கும் துப்புரவுக்காரர்களின் வயிற்றையும் நாம் அடைக்கிறோம் என்பதுதான் என் கவலை.

பிளாஸ்டிக் துகள் தண்ணீரில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது போய்ச் சேரும் வயிறு மாறும். இதை விளக்க நம் மீன் மார்க்கெட்டைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். வளர்ப்பவர்கள் இந்த மூன்றையும் ஒரே குளத்தில் சேர்த்து விடுவார்கள். ஏனென்றால் ஒன்றின் சாப்பாட்டில் மற்றொன்று அதிகம் கை வைக்காது. கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும். மேல்தண்ணீரில் டாப்னியா போன்ற மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்னும். ரோகு நடுத்தண்ணீர். செடியிலும் கல்லிலும் படிந்த பாசியைச் சுரண்டும். மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருக்கும். அடிச்சேற்றில் மக்கியதைக் கிளறும். மூன்று மாடி வீடு, மூன்று அடுப்படி.

இப்போது பிளாஸ்டிக்கைப் பாருங்கள். பால் பாக்கெட்டும் கைப்பையும் செய்யும் பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். அது முதலில் மேல்மாடிக்கு. தண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர் புடவையும் ஒரே வேதிப்பொருள். தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு அடர்த்தி என்பதால் மூழ்கும். அது நேரே அடிச்சேற்றுக்கு, ட்யூபிஃபெக்ஸ் புழுவுக்கும் மிர்காலுக்கும். மிதப்பதும் என்றென்றும் மிதக்காது. சில நாட்களில் அதன்மேல் பாக்டீரியாவும் பாசியும் வழுவழுப்பான படலமாகப் படியும். பாரம் கூடி இறங்கத் தொடங்கும். அந்தப் படலத்தைச் சுரண்டித் தின்னும் உயிர்கள் அதையும் சேர்த்து விழுங்கும். டாப்னியாவின் எச்சத்தில் பொதிந்து இறங்குவதும் உண்டு. ஒரே துணுக்கு மூன்று மாடியும் இறங்கி வந்துவிடுகிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் இப்படிப் பங்கிட்டது என் அனுமானம். ஆனால் அடர்த்தியும் படலமும் எச்சமும் ஆய்வில் நிலைநின்றவை.

அந்தப் படலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாக்கடை நீரில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை பிளாஸ்டிக்கின் மேல் நெருக்கமாகக் குடியேறும்போது, மருந்தை எதிர்க்கும் மரபணுவை அக்கம்பக்கத்து பாக்டீரியாவுக்குக் கைமாற்றுவது எளிதாகிறது. ஜெர்மனியின் ஏரி ஒன்றில் நடந்த ஆய்வு 2018இல் இதைக் காட்டியது. மரத்துண்டும் இலையும் மக்கிப்போகும். பிளாஸ்டிக் மக்காத படகு.

தண்ணீரோடு இந்த விஷயம் முடிந்துவிடுவதும் இல்லை. கொசுப்புழுவைப் பற்றிய ஓர் ஆய்வைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2018இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் க்யூலெக்ஸ் கொசுவின் புழுக்களுக்கு 2 மைக்ரான் பிளாஸ்டிக் மணிகளைக் கொடுத்தார்கள். புழு கூட்டுப்புழு ஆனது, கூட்டுப்புழு கொசு ஆனது. பறந்துபோன கொசுவின் கழிவுநீக்கக் குழல்களுக்குள் மணிகள் இருந்தன. உடலே உருமாறியும் பிளாஸ்டிக் கூடவே வந்திருக்கிறது. நம் மோரிகளில் வளர்வதும் க்யூலெக்ஸ்தான். சாயங்காலம் ஏரிக்கரையில் தலைக்குமேல் தூண்போல் சுழலும் பூச்சிக் கூட்டத்தைத் தும்பியும் வௌவாலும் தின்கின்றன. வேல்ஸ் நாட்டு ஆறுகளில் நீருக்குள் மூழ்கிப் பூச்சி பிடிக்கும் டிப்பர் என்ற பறவையை 2020இல் ஆராய்ந்தவர்கள், அது இரையின் வழியாக நாளொன்றுக்குச் சுமார் 200 துணுக்குகளை விழுங்கக்கூடும் என்று கணக்கிட்டார்கள். குஞ்சுகளுக்கும் அதே இரைதான்.

உணவுச் சங்கிலியில் மேலே போகப்போக பிளாஸ்டிக் செறிந்துகொண்டே போகுமா? டிடிடி பூச்சிமருந்தும் பாதரசமும் அப்படித்தான் செறிந்தன என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நுண்பிளாஸ்டிக்குக்கு அதே விதி பொருந்தும் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். இதுவரை கிடைத்த சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. டிடிடி கொழுப்பில் கரைந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். பெரிய பிளாஸ்டிக் துகள் குடலில் இருந்து வெளியேறிவிடும், தசைக்குள் எளிதில் நுழையாது. இரையிலிருந்து வேட்டையாடிக்குக் கைமாறுகிறது என்பது உறுதி. கைமாறக் கைமாறப் பெருகுகிறது என்பது உறுதி இல்லை. நானோ அளவுதான் விதிவிலக்காக நிற்கிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சின்ன உணவுச் சங்கிலியையே ஆய்வகத்தில் கட்டினார்கள். பாசிக்கு நானோ பிளாஸ்டிக், அந்தப் பாசி டாப்னியாவுக்கு, அந்த டாப்னியா கெண்டை இன மீனுக்கு. 2017இல் வெளியான முடிவின்படி துகள்கள் மீனின் மூளைவரை போயிருந்தன. அந்த மீன்கள் மெதுவாகச் சாப்பிட்டன. மீன் நேரடியாக ஒரு துளி பிளாஸ்டிக்கைக்கூட விழுங்கவில்லை, எல்லாம் தெள்ளின் வயிறு வழியாக வந்தவை.

நம் ஊரிலேயே நடந்த ஆய்வும் உண்டு. இந்திய அறிவியல் கழகம், அதாவது இங்குள்ள பழைய ஆட்கள் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இடம். அங்கே பேராசிரியர் உபேந்திர நோங்தோம்பாவின் குழு மைசூர் பக்கத்துக் கிருஷ்ணராஜ சாகர் அணையில் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்தது. வேகமாக ஓடும் இடம், மெதுவாக ஓடும் இடம், தேங்கிய இடம். அந்தத் தண்ணீரில் வரிக்குதிரை மீனின் கருக்களை வளர்த்தார்கள். மெதுவாக ஓடும் நீரிலும் தேங்கிய நீரிலும் வளர்ந்தவற்றுக்கு இதயக் கோளாறும் எலும்புக் கோளாறும் வந்தன, இறப்பும் கூடியது. அந்த நீரில் நுண்பிளாஸ்டிக்கும் சில நச்சு வேதிப்பொருட்களும் இருப்பதை ராமன் முறை காட்டியது. முடிவு 2022இல் வெளியானது. கோளாறுக்கு பிளாஸ்டிக் மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. தண்ணீரில் பலதும் கலந்திருக்கிறது. ஆனால் நாம் குழாயைத் திறந்தால் வருவது அந்தக் காவிரிதான். அணைக்குக் கீழே தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம் மேடேற்றித்தான் பெங்களூருக்குக் கொண்டுவருகிறார்கள். தமிழ்நாட்டில் சென்னையின் செங்குன்றம் ஏரியிலும் கடலூர் மாவட்டத்து வீராணத்திலும் நுண்பிளாஸ்டிக் பதிவாகியிருக்கிறது. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயல் சேற்றில் 2017இலேயே கண்டார்கள்.

இது எங்கிருந்து வருகிறது? பெரிய ஆலைகளைத் தேட வேண்டியதில்லை, என் வீட்டு மொட்டைமாடியில் இருந்தே தொடங்கலாம். பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2016இல் அளந்தபடி 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை வாஷிங் மெஷினில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் அதிகமான இழைகள் வெளியேறலாம். குளிர்காலத்தில் இங்கே எல்லார் வீட்டிலும் ஸ்வெட்டர் உண்டு. அந்த நீர் பாதாளச் சாக்கடைக்குப் போகிறது, இல்லையென்றால் ராஜகால்வாய் என்று இங்கே சொல்லும் பெரிய மழைநீர்க் கால்வாய்க்குப் போகிறது. சாலைகளில் தேயும் டயர் இன்னொரு பெரிய ஊற்று. முதல் மழையில் அந்தக் கறுப்புத் தூள் மொத்தமும் மோரிக்குள் இறங்குகிறது. டயரில் சேர்க்கும் ஒரு காப்புப்பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் 6பிபிடி-குயினோன்தான் அமெரிக்க ஓடைகளில் மழைக்குப் பிறகு கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் சாகக் காரணம் என்று 2020 டிசம்பரில் கண்டறிந்தார்கள். மற்றபடி கட்டடம் போர்த்தும் நீலத் தார்ப்பாய், பூக்கடை நூல், தெர்மாகோல், காய்கறிச் சாக்கு என்று எல்லாம் வெயிலில் நார்நாராகி உதிர்கின்றன. கர்நாடகம் 2016 மார்ச்சிலேயே பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்தது. தடை வந்து பத்தாண்டு ஆகியும் ராஜகால்வாய் ஓரத்துச் செடிகளில் பைகள் தொங்குவதைத் தினமும் பார்க்கிறேன்.

சுத்திகரிப்பு நிலையம் பிடித்துவிடாதா என்று கேட்பார்கள். பெருமளவு பிடிக்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அருகே ஒரு நிலையத்தை 2016இல் ஆராய்ந்தபோது வந்த துணுக்குகளில் 98 சதவீதத்துக்கும் மேல் நீக்கப்பட்டிருந்தன. அப்படியும் மிஞ்சி ஆற்றுக்குப் போனவை நாளொன்றுக்கு 6.5 கோடி. தண்ணீர் அவ்வளவு அதிகம். நீக்கப்பட்ட 98 சதவீதமும் மறைந்துபோகவில்லை, கழிவுச் சேற்றில் இருக்கிறது. அந்தச் சேறு உரமென்று வயலுக்குப் போனால் மழை மறுபடியும் ஓடைக்குக் கொண்டுவரும். பெங்களூரின் கோரமங்களா - சள்ளகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீர் 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் போகிறது. வறண்ட மண்ணுக்குத் தண்ணீர் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீரில் என்னென்ன போகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

எண்ணும் பழக்கம்தான் இங்கே குறை. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் நீர்நிலைகள் 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து வகுப்புகள். 'டி' வகுப்பு என்றால் மீனும் காட்டுயிரும் வாழத் தக்க நீர். அதற்குக் கேட்கும் தகுதிகள் அமில-காரத் தன்மையைக் காட்டும் pH அளவு 6.5 முதல் 8.5, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல், அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாமல். அவ்வளவுதான். மீன் வாழத் தகுந்ததா என்று கேட்கும் பட்டியலில், மீனின் சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் நம் உணவில் உள்ள நுண்பிளாஸ்டிக்கை அளக்கும் முறைகளை வகுக்கும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. நம் தட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். டாப்னியாவின் தட்டையும் அதே ஆய்வகம் பார்க்கலாம். ஒரு ஏரிக்கு வருடத்தில் நான்குமுறை வலைபோட்டு வடிகட்டி எண்ணுவது செய்ய முடியாத காரியம் இல்லை.

எங்கே தடுப்பது என்று கேட்டால், துணுக்கு பாசியளவு ஆவதற்கு முன்னால் என்பதுதான் என் பதில். பாசியளவு ஆனபிறகு ஏரியில் இருந்து அதை எடுக்க வழியில்லை. உயிர்களையும் சேர்த்தல்லவா வடிகட்ட வேண்டும்? ஆகவே வாஷிங் மெஷின் கழிவுநீர்க் குழாயில் நூல் பிடிக்கும் வடிகட்டி, ராஜகால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் குப்பை தடுக்கும் வலை, அதைத் தாண்டிச் சம்பு வளர்ந்த சதுப்பு. வடக்கே ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த நீரை அப்படி ஒரு சதுப்பின் வழியே விட்டுத்தான் ஏரிக்குள் அனுப்புகிறார்கள். சம்பின் வேர்ப்பகுதியில் ஓட்டம் தளர்ந்து துகள்கள் படியும். படிந்ததைக் காலாகாலத்தில் தூர் வார வேண்டும், வாரிய மண்ணை எங்கே கொட்டுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். மான்செஸ்டர் ஆறுகளில் 2015-16 குளிர்கால வெள்ளம் ஆற்றுப்படுகையில் இருந்த நுண்பிளாஸ்டிக்கில் சுமார் 70 சதவீதத்தை அடித்துக்கொண்டு போனதாகப் பின்னர் கண்டார்கள். படுகை சுத்தமானது, கீழே இருப்பவர்களுக்கு வந்து சேர்ந்தது.

பெங்களூருக்குக் கீழே இருப்பவர்கள் யார்? இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. பெய்வதும் கழுவிவிடுவதும் எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும். மேற்கே விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போய், ஒகேனக்கல்லையும் மேட்டூரையும் தொடுகிறது. அல்சூர் ஏரியின் மிகைநீர் பெள்ளந்தூருக்கும் வர்த்தூருக்கும் போய் தட்சிண பினாகினியில் சேர்கிறது. தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் அதற்குத் தென்பெண்ணை என்று பெயர். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை மலைமலையாகப் பொங்கும் படங்கள் மழைக்காலத்தில் வராத ஆண்டு அபூர்வம். நுரை காற்றில் உடைந்துவிடும். அதோடு வந்த இழைகள் கிருஷ்ணகிரி அணைக்கும் சாத்தனூருக்கும் கடலூருக்கும் பயணத்தைத் தொடரும்.

என் பிறந்த வீடு காவேரிப்பட்டினம் பக்கம். கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே, தென்பெண்ணைக் கரை. நான் ஜோகுபாளையத்தில் துணி அலசிய தண்ணீர் அம்மா வீட்டு ஆற்றுக்குத்தான் போகிறது என்பது கல்யாணமாகி இருபது வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. போன மாதம் ஊருக்குப் போனபோது மகளை அணைக்கட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே மீன் வறுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. மசாலா தடவிய ஜிலேபிக் கெண்டை எண்ணெயில் கிடந்தது. கடைக்குப் பின்னால் ஒரு அக்கா அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். வயிற்றைக் கீறி, விரலை விட்டு ஒரே இழுப்பில் குடலை உருவி எடுத்தார்.

"குடல்லதாம்மா பிளாஸ்டிக் நிறைய இருக்கும்னு சொன்னியே, அதைத்தான் எடுத்துடறாங்களே?" என்றாள் மகள்.

ஆமாம், பெரிய மீனில் எடுத்துவிடுகிறோம். அயிரையையும் கெண்டைப்பொடியையும் அப்படியே முழுசாகத்தான் குழம்பில் போடுகிறோம் என்று சொன்னேன். அவள் அதைக் கேட்கவில்லை. அக்கா குடல்களை ஒரு கிண்ணத்தில் சேர்த்துத் தண்ணீரோரமாக வீசியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கொக்குகள் ஏற்கெனவே அங்கே காத்து நின்றன. முன்னால் நின்ற கொக்கு நீளமான ஒன்றைக் கவ்வி, தலையை மேலே தூக்கி, இரண்டு விழுங்கில் உள்ளே தள்ளியது.